பத்தரை அடி

"பத்தரை அடி. சரிதானே?"

அணைக்கரை மேல் நின்றபடி மடைக்காரர் குரல் கொடுத்தார். கீழே, தண்ணீரைத் தொடும் கடைசிப் படியில் நின்ற அவர் மனைவி அளவுக்கம்பத்தின் பக்கம் குனிந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"பத்தரையேதாங்க. இம்மி பிசகலை."

அவர் நோட்டைப் பிரித்துக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டார். இரண்டு வருடமாக இதுதான் ஏற்பாடு. முட்டி வலியில் படி இறங்க முடியவில்லை, மேலிருந்தே எனக்கு எண் நன்றாகத் தெரிகிறது, நீ கிட்டே போய் ஒரு தடவை சரிபார்த்துச் சொன்னால் போதும் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தார்.

முட்டி கருங்கல் மாதிரி இருந்தது. போனது கண். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, கட்டிய மனைவியிடம்கூட. வேலை போனால் கரையோரம் கொடுத்திருக்கும் இரண்டு அறை வீடும் கூடவே போகும். அதனால் தினமும் காலையில், பெய்த மழையை மனதில் வைத்து உத்தேசமாக ஓர் எண்ணைச் சொல்வார். தப்பென்றால் அவள் திருத்திவிடப் போகிறாள், அவ்வளவுதானே. இதுவரை அவள் ஒரு தடவைகூடத் திருத்தியதில்லை. முப்பது வருட அனுபவம் சும்மாவா என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஒன்பது மணிக்கு ஜீப் வந்தது. இன்ஜினியர் அம்மா இறங்கி, கரையின் மறுகோடியில் இருந்த மதகுக்கு நேராக நடந்தார். மழை எப்போதாவது எட்டிப் பார்க்கும் பூமி அது. தண்ணீர் பத்தடியைத் தாண்டினால்தான் வயலுக்கு மதகைத் திறக்கலாம். அதற்குக் கீழே இருப்பது மூன்று ஊர் ஜனம் குடிக்க. மூன்று வருடமாகத் திறக்காத மதகு இன்று திறக்கப்போகிறது என்று, கீழே வாய்க்கால் ஓரம் நாற்பது பேர் மண்வெட்டியோடு நின்றிருந்தார்கள்.

"உங்க நோட்டைப் பாத்துத்தான் உத்தரவே போட்டேன்," என்றார் இன்ஜினியர். "மத்த அணையில எல்லாம் வாரத்துக்கு ஒருநாள் எழுதுறதே பெரிய பாடு. நீங்க ஒருநாள் விட்டதில்லை. புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு உங்க நோட்டைத்தான் காட்டுறேன்."

மடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கன்னத்தில் நாலு அறை வைத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"மதகுச் சக்கரத்தை நீங்களே சுத்துங்க. அந்த மரியாதை உங்களுக்குத்தான்."

சக்கரத்தில் கை வைத்தார். டீ டம்ளர்களோடு வந்து நின்ற மனைவியை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

"மேடம், ஒரு நிமிஷம். இந்தப் பாராட்டை வாங்கிக்கிட்டு நான் நிம்மதியாத் தூங்க முடியாது. ரெண்டு வருஷமா எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை. முட்டி வலின்னு சொன்னதெல்லாம் பொய். நான் குத்துமதிப்பா ஒண்ணு சொல்வேன், இவதான் கீழ இறங்கிப் பாத்து, சரின்னு சொல்வா. நோட்டுல இருக்கிறது என் எழுத்து. கண்ணு இவளோடது."

இன்ஜினியர் அவர் கக்கத்திலிருந்த நோட்டை வாங்கிக்கொண்டார். அதற்குள் மடைக்காரர் மனதளவில் வீட்டைக் காலி செய்து, சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றார் இன்ஜினியர். "ஆபரேஷன் பண்ணிக்க லீவு உண்டு. அதுக்காக யாரும் உங்களை வீட்டுக்கு அனுப்பிட மாட்டாங்க. யாரு பாத்தாங்கறது பெரிசில்லை, பாத்தது சரியா இருந்தாப் போதும். உங்க வீட்டம்மாவுக்குப் பார்வை நல்லா இருக்கில்ல?"

"கழுகுக் கண்ணு மேடம்," என்றார் அவர். போன உயிர் திரும்பி வந்திருந்தது.

மனைவி மட்டும் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் தன்னிடம்கூட மறைத்துவிட்டாரே என்ற வருத்தம் போல என்று நினைத்தார். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூசியது.

அப்போது படிக்கட்டுப் பக்கமிருந்து பெயிண்டர் ஒருவர் வேகமாக நடந்து வந்தார். ஒரு கையில் கறுப்புப் பெயிண்ட் டப்பா, மறு கையில் பிரஷ்.

"மன்னிச்சுக்கங்க மேடம், லேட்டாயிடுச்சு. அளவுக்கம்பத்துக்கு வெள்ளை அடிச்சுப் பன்னெண்டு நாள் ஆச்சு. அன்னிக்கு வீடு பூட்டியிருந்துச்சு, சொல்லிட்டுப் போக முடியலை. மத்த அணைக் கம்பங்களையும் முடிச்சுட்டு வர்றதுக்குள்ள இவ்வளவு நாள் ஓடிப்போச்சு. இப்ப நம்பர் எழுதிடட்டுமா?"

இன்ஜினியர் நெற்றியைச் சுருக்கினார். "அப்ப கம்பத்துல இப்ப என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லை மேடம். மொழுக்குனு இருக்கு. ஒரு கோடுகூடக் கிடையாது."

இன்ஜினியர் நோட்டைப் புரட்டினார். ஒன்பதே கால், ஒன்பதரை, பத்து, பத்தேகால், இன்று பத்தரை. பன்னிரண்டு நாளும் கொட்டை எழுத்தில் இருந்தது. மடைக்காரரின் கை சக்கரத்திலிருந்து தானாக நழுவியது. கீழே நாற்பது பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன.

"நீங்க மேலேருந்து பாத்துட்டுத்தான் சொல்றீங்கன்னு நினைச்சு ஆமா போட்டேங்க," என்றாள். "உங்களுக்கு முட்டி போச்சு, எனக்குக் கண்ணும் போச்சுன்னு தெரிஞ்சா வீட்டை விட்டு அனுப்பிடுவாங்களேன்னுதான் ரெண்டு வருஷமா நானும் வாயைத் திறக்கலை."