அழக்கூடாத மாதங்கள்

செத்துப்போனது என் அம்மா. அதற்காவது என்னை அழ விடுவார்களா, மாட்டார்களா?

ஆறு மாத வயிற்றோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த நிறைமதிக்குள் இந்தக் கேள்வி கொதித்துக்கொண்டிருந்தது. மாமியார் தண்ணீரையும் துக்கம் தணிக்கும் மாத்திரையையும் நீட்டினார்.

"போட்டுக்கிட்டுக் கெளம்பும்மா. தாய் படுற துக்கம் வயித்துப் புள்ளைக்குள்ள பதிஞ்சிரும்னு டாக்டர் சொல்லலையா? உன்னைச் சுமந்தப்ப உங்கம்மா அழுதுக்கிட்டே கெடந்தாங்க. இப்ப பாரு, இந்த வயசுலயே உனக்குச் சர்க்கரை."

அம்மா அழுதது அப்பா அடித்ததால். அடித்த கையை ஒரு டாக்டரும் சோதித்ததில்லை. அழுத கண்ணின் மேல்தான் எல்லாப் பழியும். கடைசியில் அவளுக்காக அழக்கூட ஆளில்லாமல் செய்யப் பார்க்கிறார்கள். கர்ப்பமாயிருந்த பக்கத்து வீட்டுப் பெண் இதே மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தம்பியின் பிணத்தருகே நின்று, வந்தவர்களிடம் காபி குடித்தீர்களா என்று சிரித்தபடி விசாரித்ததை நிறைமதி பார்த்திருக்கிறாள்.

மாமியார் அவள் முகத்தைக் கவனித்தார். "கோவப்படாத. அதுவும் புள்ளைக்கு ஆகாது."

நிறைமதி மாத்திரையை வாங்கி, அவர் உள்ளங்கையிலேயே திரும்ப வைத்து, விரல்களை மெல்ல மூடினாள்.

"எங்கம்மா செத்தது எம்புள்ளைக்கும் தெரியட்டும், அத்தை."