எல்லாத் துண்டுகளும் கிடைக்கும் வரை

சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

மூக்குக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண். கண்ணுக்கு நேராக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இரண்டு மணி நேரமாக அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்தவும். எல்லாத் துண்டுகளையும் தேடி எடுக்கவும். ஒப்படைத்து, நோட்டில் பெயர் எழுதவும். பிறகே புது ஊசி.

வெளிநாட்டுக்குப் போகிற குழந்தைச் சட்டைகள். துணிக்குள் ஒரு துளி இரும்பு தங்கிவிடக் கூடாது.

முதுகுக்குப் பின்னால் முப்பத்தொன்பது மெஷின்கள் ஓடின. நாற்பதாவது அவளுடையது.

காலையில் சூப்பர்வைசர் ஒரு கட்டுச் சட்டைகளைப் பொற்கொடியின் முகத்தில் எறிந்தான். தையல் கோணலாம். பொற்கொடி குனிந்துகொண்டாள். இவள்தான் எழுந்துபோய், கீழே சிதறியதைப் பொறுக்கி, அவன் மேசைமேல் கொண்டுபோய் வைத்தாள்.

"வீசாம சொல்லுங்க சார். காது கேக்கும்."

அவ்வளவுதான்.

மன்னிப்புக் கேட்கும்வரை சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். சாப்பாட்டு மணிக்குள் கேட்காவிட்டால் வேலைக் கார்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். கார்டைப் பறிகொடுத்தவளை இந்த ரோட்டில் வேறெந்தக் கம்பெனியும் எடுக்காது.

மன்னிப்பு என்ற சொல்லை வாய்க்குள் ஒருமுறை வைத்துப் பார்த்தாள். கேட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது.

டக்.

ஊசி உடைகிற சத்தம். இடப்பக்கம், ஜன்னலோரம். பொற்கொடியின் மெஷின்.

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று உடையும். புதிதில்லை.

டக்.

இது வலப்பக்கம்.

டக். டக்.

பிறகு அவளால் எண்ண முடியவில்லை.

இரைச்சல் மெலிந்துகொண்டே வந்தது. பெருமழை விடும்போது தகரத்தின்மேல் இடம் இடமாகச் சத்தம் அடங்குமே, அப்படி. கடைசியில் ஒரே ஒரு மெஷின். அதுவும் தயங்கித் தயங்கி ஓடியது.

டக்.

மின்விசிறிகள் சுற்றுவது கேட்டது.

கூரைக்குக் கீழே இரும்புச் சட்டத்தில் ஒரு புறா நகம் உரச நடந்தது. இந்தக் கூடத்தில் புறா இருப்பது பதினொரு வருடமாக அவளுக்குத் தெரியாது.

கைகளில் மயிர் சிலிர்த்து நின்றது.

"என்னடி இது?" சூப்பர்வைசரின் குரல்.

"ஊசி ஒடஞ்சு போச்சுங்க சார்."

"அத்தன பேருக்குமா?"

"துணி கெட்டிங்க சார்."

"பனியன் துணிடி அது!"

"எங்கூசிக்கு அதுவே கெட்டிங்க."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

இப்போது அவன் குரல் தணிந்திருந்தது.

"சரி. போய் நோட்டுல எழுதி வாங்கிக்கங்க. மொதப் பேரு எவளுதோ, அவ இன்னிக்கே வெளிய."

இருமல் நின்றது.

அவள் திரும்பினாள். யாரும் திரும்பச் சொல்லவில்லை.

ஊசி கொடுக்கும் ஜன்னல் கூடத்தின் கோடியில் இருந்தது. முப்பத்தொன்பது பெண்கள் மெஷின்களுக்குப் பக்கத்தில் எழுந்து நின்றார்கள். ஒவ்வொருத்தியின் கையும் மூடியிருந்தது. பொற்கொடி ஒரு காலை முன்னே வைத்திருந்தாள்.

அவள் பொற்கொடியைத் தாண்டிப் போனாள்.

தன் மெஷினில் உட்கார்ந்தாள். ஒரு துணியை வைத்தாள். பெடலை அழுத்தி, துணியை வெடுக்கென்று இழுத்தாள்.

டக்.

துண்டுகள் இரண்டு. முனை காலடியில் கிடந்தது. தேடி எடுத்தாள்.

ஜன்னலுக்குள் ஊசி கொடுக்கும் மாரப்பன் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார். துண்டுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தார். டேப்பால் ஒட்டினார். மெஷின் எண் எழுதினார்.

"பேரு?"

பதினொரு வருடமாக அவருக்குத் தெரிந்த பேர்.

"மயிலாத்தாள்."

எழுதினார். எழுதியபின் ஒரு புது ஊசியை எடுத்து நீட்டினார்.

"அவளுக்கு எதுக்குய்யா ஊசி?" என்றான் சூப்பர்வைசர்.

"ஒப்படைச்சா குடுக்கோணுங்க. நீங்க ஒட்டுன நோட்டீசுதானுங்க."

கழுத்திலிருந்து கார்டைக் கழற்றி அவன் மேசையில் வைத்தாள். சட்டைக்கட்டை வைத்த அதே இடத்தில்.

கேட்டுக்கு எதிரே பஸ் ஸ்டாப். நிழல் இல்லை. புது ஊசியைச் சேலைத் தலைப்பில் குத்தியிருந்தாள்.

மதில் சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு மெஷின் ஓடத் தொடங்கியது. இன்னொன்று. வரிசையில் நின்று ஊசி வாங்கிக்கொண்டு, ஒவ்வொருத்தியாக உட்காருகிறார்கள். கொஞ்ச நேரத்தில் தினமும் ரோட்டில் கேட்கிற அதே இரைச்சல்.

அவர்களுக்கும் வீடு இருக்கிறது. பிள்ளைகள் இருக்கிறார்கள்.

புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பஸ் வந்தது. ஒரு காலைப் படியில் வைத்தாள்.

வைத்தபடியே நின்றாள்.

"ஏறும்மா. ரோட்டப் பாத்துட்டு நிக்கறே."

அவள் கண்டக்டரைப் பார்த்து, பொறு என்பதுபோல் ஒரு விரலை உயர்த்தினாள். அவன் எதையோ சொல்ல வாயெடுத்தான். அப்படியே அவனும் மதில் சுவர் பக்கம் திரும்பினான். தினம் நான்கு தடவை இந்த வழியாகப் போகிறவன்.

மதிலுக்கு அந்தப்பக்கம் ஓரமாக ஒரு மெஷின் நின்றது. பிறகு நடுவில். பிறகு இடம் இடமாக.

டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

அவள் படியிலிருந்து காலை எடுத்தாள்.