நீளமான தொடர்

எங்கள் அலுவலகத்தில் யாருக்கு எந்த வெப் சீரிஸ் வேண்டுமானாலும் என்னிடம்தான் கேட்பார்கள். நான் சொல்லி யாரும் நொந்ததில்லை. கணக்குப் பிரிவு விஸ்வேஸ்வரன் சார் மட்டும் கதை என்னவென்றே கேட்கமாட்டார்.

"நீளமா இருக்கணும் சுஷ்மா. சீக்கிரம் முடியக் கூடாது."

காரணத்தை ஒருநாள் அவரே சொன்னார். அவர் மனைவி ஸ்யாமளா சித்திரையில் இறந்தபோது, இருவரும் பார்த்துவந்த தொடர் பாதியில் நின்றது. அதன்பின் சார் அதைத் தொடவில்லை. ஆனால் கே.கே. நகர் வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்கு வந்து, சாயங்காலம் திரும்பினால், டிவியில் அடுத்த எபிசோடு ஓடி முடிந்திருக்கிறது. தினமும் ஒன்று. இப்போது அந்தத் தொடரும் முடிந்துவிட்டது.

நான் வாதாடவில்லை. எட்டு சீசன் உள்ள ஒன்றைச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து என் மேஜைக்கு வந்து நின்றார்.

"நேத்து ஓடின எபிசோடை அவ பாதியிலேயே நிறுத்திட்டாம்மா. பிடிக்கல போல. வேற ஒண்ணு சொல்லு."

"சாயங்காலம் சொல்றேனே சார். என்ன அவசரம்?"

"பரண்ல போட்டிருந்த அவ செருப்பு, இன்னைக்குக் காலைல வாசல்ல இருந்துச்சு" என்றார். "ஜோடியா, தெருவைப் பாத்து."