பாதி மருந்து

வலது தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. விடிந்ததிலிருந்து மரவள்ளி மூட்டை தூக்கிய தோள்.

இருட்டுவதற்குள் ஒரு வெடி வெடித்தாக வேண்டும். இல்லையென்றால் பன்றி இறங்கிவிடும்.

அளவு மூடி கையில் இருந்தது. காலி மூடி.

வெடிமருந்து குழலுக்குள் போனதா, இனிமேல்தான் போட வேண்டுமா?

நினைவில்லை.

நாட்டுத் துப்பாக்கியைக் கவிழ்த்துத் தட்டினான். துணியில் கறுப்பாகக் கொட்டியது. போட்டுத்தான் இருந்திருக்கிறான்.

இன்றைக்கு இது மூன்றாவது தடவை.

பன்றியை விரட்டப் பாதி மருந்து போதும். அது அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் அந்த மலையில் யாரும் தனியாக மருந்து போடுவதில்லை. ஒருவன் போட்டுச் சொல்வான். பக்கத்தில் இருப்பவன் எண்ணுவான்.

ஒரு வருஷமாக அவன் யாரையும் கூப்பிடுவதில்லை.

போன வருஷம் அவசரத்தில் இரண்டு தடவை போட்டுவிட்டான். அளவுக் கம்பியைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தான். கம்பியில் இருந்த கோட்டுக்குச் சரியாக நின்றது. அப்பன் காலத்தில், முழு மருந்துக்குக் கீறிய கோடு. குழல் தேய்ந்து, பாதிக்குமேல் தாங்காது என்றாகி எத்தனையோ காலம். பழகின கண்ணுக்கு உறைக்கவில்லை.

தங்கை புருஷன் சடையனிடம் துப்பாக்கியை நீட்டினான்.

சடையன் சுட்டதும் குழல் பிளந்தது. சடையனின் இடது கையில் மூன்று விரல் போயிற்று.

பழைய குழல் என்றது ஊர். அவனும் தலையாட்டினான்.

பாதையில் காலடிச் சத்தம். சடையன்.

"என்னா மச்சான், பன்னிக்கு எலை போட்டுட்டு ஒக்காந்திருக்கியா? கீழ்க்கொல்லையில மேயுதுய்யா!"

வந்தவன் எதிரே குந்தினான்.

"போடு. நான் எண்ணுறேன்."

ஒரு மூடி ஊற்றினான்.

"போட்டாச்சு."

"ஒண்ணு." மிச்ச விரல்களால் தாடையைச் சொறிந்தான் சடையன். "இந்தக் குழலையாவது பாத்து வாங்குனியா? அது செத்த குழலு. ஒன்மேல என்னா தப்பு? அதுக்குப்போயி வூட்டுப் பக்கமே வராம கெடக்குற."

அவன் தேங்காய் நாரை வைத்துக் கெட்டித்தான். அதிகமாகவே கெட்டித்தான். சொல் வாய்வரை வந்தது.

எழுந்து பள்ளத்தைப் பார்த்துச் சுட்டான்.

பன்றிகள் ஓடின. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

"வரட்டா மச்சான். ஒன் தங்கச்சி களி கிண்டி வச்சிருப்பா."

சடையன் இறங்கிப் போனான். வளைவில் தலை மறைந்தது.

குழல் இல்லை மாப்ள, நான்தான்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான். சடையனுக்கு அது இன்னும் பாக்கி.