கடிச்சுப் பாத்து வாங்கின தலைக்கவசம்

பெருச்சாளி மொக்கராசுக்கு அன்னிக்குக் காலு ஒரு இடத்துல நிக்கல. சாயங்காலம் கீரிகூட குத்துச்சண்டை. போன தடவை கீரி விட்ட குத்துல அவன் மூக்கு மூணு நாளு சப்பாத்தி மாதிரி கெடந்துச்சு. இந்தத் தடவை மூக்கக் காப்பாத்தணும்னு, தலைக்கவசம் வாங்க ஆமை அண்ணாச்சி கடைக்கு ஓடுனான்.

"அண்ணாச்சி, உள்ள பஞ்சா, பழந்துணியா?"

"வெலைக்குத் தக்க சரக்குய்யா. அமுக்கிப் பாரு."

அமுக்கிப் பாத்து நம்புற பரம்பரையா அவன்? கறுக்குனு கடிச்சான். பழந்துணி. அடுத்ததக் கடிச்சான். தேங்கா நாரு. சண்டைக்கு நேரமாச்சான்னு வாசலுக்கு ஓடி வெயிலப் பாத்தான், திரும்ப ஓடியாந்து மூணாவத மூக்குப் பக்கமாக் கடிச்சான். மேலருந்து அடி வரைக்கும் சுத்தமான பஞ்சு.

"இதான் சரக்கு. ஆனா மூக்குகிட்ட ஓட்டையா இருக்கே அண்ணாச்சி. பாதி வெலைக்குக் குடுங்க."

ஆமை ஓட்டுக்குள்ள தலைய இழுத்துக்கிட்டுக் கொஞ்ச நேரம் சிரிச்சுது. அப்புறம் வெளிய வந்து, "எடுத்துட்டுப் போ சாமி"ன்னுச்சு.

பாதி வெலைக்கு அடிச்சிட்டேன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே களத்துக்குப் போனான். மணி அடிச்சுச்சு. கீரியோட மொதக் குத்து நேரா ஓட்டை வழியா உள்ள போயி மூக்க நலம் விசாரிச்சுச்சு.

மல்லாந்து கெடந்த மொக்கராசு, கண்ணு சொருகுறதுக்குள்ள கீரி கையப் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தான்.

"கையுறை கும்முனு இருக்கே மாப்ள. எவ்வளவுக்கு முடிச்ச?"