ஜீப் நிழலில் ஒரு சிங்கம்

ஆப்பிரிக்காவில் ஒரு துக்கடா தேசியப் பூங்கா. அதில் இருந்ததே ஒரே ஒரு சிங்கம்தான். வெயில் மண்டையைப் பிளந்த ஒரு பிற்பகலில், அதைப் பார்க்க கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று ஜீப்பில் வந்து இறங்காமல் உட்கார்ந்திருந்தது. இறங்கக் கூடாது என்பது பூங்கா விதி. சிங்கம் சத்தமில்லாமல் வந்து, ஜீப்பின் பின்னால் விழுந்த நிழலில் சுகமாகப் படுத்துக்கொண்டது.

ஜீப்பில் இருந்தவர்களோ எதிரே தூரத்தில் தெரிந்த கரையான் புற்றைக் காட்டி, "அதோ, பிடரி தெரியுது பாருங்க!" என்று படமெடுத்துத் தள்ளினார்கள்.

பக்கத்தில் மேய்ந்த காட்டுப்பன்றிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, நீங்கன்னு நினைச்சுப் புத்தைப் படம் எடுக்கிறாங்க. மானம் போகுது, ஒரு தடவை கர்ஜிச்சுக் காட்டுங்க."

"வாயை மூடுடா. நான் கத்தினா வண்டியைக் கிளப்பிடுவாங்க. அப்புறம் நிழலுக்கு நான் எங்கே போறது?"

புளியோதரைப் பொட்டலம் காலியானதும், "சிங்கம்னா சிங்கம்தான், என்ன கம்பீரம்!" என்று சிலாகித்தபடி குடும்பம் கிளம்பிப் போனது. சிங்கத்தின் மூஞ்சியில் வெயில் சுளீரென்று அறைந்தது.

அது எழுந்து புற்றைப் பார்த்துக் கர்ஜித்தது: "நாளைக்கும் இதே மாதிரி ஆடாம அசையாம நில்லு. பஸ்ஸே வருதாம்!"