காசா லோமாவில் ஒரு கொட்டாவி

"பாரிஸ் காட்டுறனெண்டு சொன்னனீங்கள்."

"பாஸ்போட் கிடைக்கட்டும், காட்டுறன். அதுவரைக்கும் ரொறன்ரோவிலையே ஐரோப்பாவிலை இருக்கிற மாதிரி ஒரு கோட்டை இருக்கு. வந்த உடனை கூட்டிக்கொண்டு போறன். ஆனா ஒண்டு, புது நேரம் பழகுமட்டும் பகலிலை படுக்கக்கூடாது. நித்திரை வந்தால் கையைக் கிள்ளிக்கொண்டு ஊர் பாக்கவேணும்."

கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜில் நின்றபடி நிலாணி தொலைபேசியில் கேட்ட குரல் அது. மூன்று வருடமாக அந்தக் குரலும் ஒரு படமும்தான் அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் பன்னிரண்டுக்கு லொட்ஜ் தொலைபேசி அடித்தால் அது சசிகரன். ஒருநாளும் தவறியதில்லை.

இப்போது அந்தக் கோட்டைக்குள், காசா லோமாவின் பெரிய மண்டபத்தில், அவள் கையைக் கிள்ளிக்கொண்டு நின்றாள். கனடாவுக்கு வந்து ஐந்து நாள். கண் சொருகியது. ஊர் பார்க்கச் சொன்ன மனிதரோ பக்கத்து மர வாங்கில் சாய்ந்து வாயைத் திறந்தபடி நித்திரை.

நேற்று சீஎன் டவர் உச்சியிலும் இப்படித்தான். முந்தநாள் தீவுக்குப் போன படகிலும் இப்படித்தான். அவள் தங்கியிருக்கும் டோர்செட் பார்க் வீட்டில் யோகமலர் அன்ரி விழுந்து விழுந்து சிரித்தார்.

"பொம்பிளையைக் கண்டால் மாப்பிளைமார் வெக்கப்படுவினம். உவன் குறட்டையெல்லோ விடுறான்!"

அன்ரியோடு சேர்ந்து நிலாணியும் சிரித்தாள். பிறகு குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். கலியாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். படத்தில் பிடித்த முகம் நேரில் பிடிக்காமல் போய்விட்டதோ? திரும்பிப் போவதென்றால் அந்த லொட்ஜ் அறையில்கூட இப்போது வேறு யாரோ.

மண்டபத்தில் சோடி சோடியாக ஆட்கள். ஒரு வயதான வெள்ளைக்காரர் மனைவியின் தோளைத் தொட்டு, உயரத்துக் கூரையைக் காட்டி ஏதோ சொன்னார். நிலாணியும் அண்ணாந்து பார்த்தாள். அவளுக்குச் சொல்ல யாருமில்லை.

சசிகரனின் கை மடியிலிருந்து நழுவித் தொங்கியது. அவன் கைமணிக்கூட்டில் பதினொன்றரை. சுவரில் இரண்டு மணி. ஓடாத மணிக்கூடோ என்று குனிந்து பார்த்தாள். செக்கன் முள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நேரத்தைச் சரியாக வைக்கக்கூட அக்கறையில்லாத மனிதர்.

"இஞ்சருங்கோ."

அவன் திடுக்கிட்டு எழுந்தான். "ஓம் ஓம்... மேலை போவமே?"

"என்னைப் பிடிக்கேல்லையெண்டால் சொல்லிப்போடுங்கோ. அன்ரியிட்டை நான் சொல்லுறன். இன்னும் ஒம்பது நாள் இருக்கு."

அவன் முகம் வெளிறியது. "ஐயோ, என்ன கதைக்கிறீர்?"

"போனிலை ஒருநாளும் கொட்டாவிகூட விடாத ஆள், பக்கத்திலை வந்தால் நித்திரை கொள்ளுறார். நான் என்னெண்டு நினைக்கிறது?"

அவன் கண்ணைக் கசக்கினான். "பிறம்ரன் வெயர்ஹவுசிலை எனக்கு நைட் ஷிப்ட், நிலாணி. உமக்குச் சொல்லேல்லை. நீர் வாறீரெண்டு போன கிழமையோடைதான் விட்டனான். உடம்புக்கு இன்னும் அது தெரியேல்லை."

"பகல் வேலை தரமாட்டினமே?"

"தந்தவை. நான்தான் வேண்டாமெண்டு இரவைக் கேட்டு எடுத்தனான்."

"நைட் ஷிப்டை ஆரும் கேட்டு எடுப்பினமே?"

அவன் மணிக்கூட்டைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தான். பதினொன்றரை. லொட்ஜில் அவள் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிற நேரம்.

"மூண்டு வருசமா இது உம்மடை கொழும்பு நேரத்திலைதான் ஓடுது. நானும் அப்பிடித்தான். உமக்கு மத்தியானமெண்டால் இஞ்சை நடுச்சாமம். நீர் வந்தாப்பிறகு கேப்பமெண்டு வைச்சிருந்தனான்," என்றான். வந்த கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டான்:

"இனி இதைக் கனடா நேரத்துக்கு மாத்திவிடுமன்."